ராபின் சிங்: ஆறாவதாக இறங்கியவரின் கணக்கு

கிரிக்கெட்டில் இந்தியாவின் சிறந்த ஆல்ரவுண்டர், அதாவது பேட்டிங்கும் பவுலிங்கும் இரண்டும் செய்கிறவர், யார் என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் பெரிய வாக்குவாதம். குழுவில் இருப்பவர்கள் எல்லாரும் திருப்பூர், கோபி, பெருந்துறைப் பக்கத்து ஆட்கள், சின்ன வயதில் ஒன்றாக விளையாடியவர்கள். கபில்தேவில் ஆரம்பித்து ரவி சாஸ்திரி, யுவராஜ், ரவீந்திர ஜடேஜா, ஹர்திக் பாண்டியா என்று வரிசையாக வந்தது, அஸ்வினைச் சேர்க்கலாமா கூடாதா என்று ராத்திரி பதினொரு மணி வரைக்கும் போனது. தமிழ்நாட்டுக்கும் இந்தியாவுக்கும் ஆடிய ராபின் சிங் பெயர் ஒருத்தர் வாயிலும் வரவில்லை. நான் சொன்னதும் "அவரு பீல்டருங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். குழுவில் சொல்லி முடியாது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

அவருடைய எண்களை முதலில் வைத்துவிடுகிறேன். 136 ஒருநாள் போட்டிகள், 2336 ரன், சராசரி 26-க்குக் கொஞ்சம் கம்மி, 69 விக்கெட். ஒரு சதம், ஒன்பது அரைசதம். டெஸ்ட் என்று பார்த்தால் ஒன்றே ஒன்று. இதை மட்டும் ஒருத்தர் பார்த்தால் சாதாரண ஆட்டக்காரர் என்றுதான் நினைப்பார், அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இந்த 2336 ரன்னில் பெரும்பகுதி எந்த நேரத்தில் வந்தது, அந்த 69 விக்கெட் யாருக்கு எதிராக, எந்த ஓவரில் விழுந்தது என்று பார்க்காமல் ஆறாவது, ஏழாவது இடத்தில் இறங்குகிற ஆளை எடை போடவே கூடாது. எனக்கு இதில் துளியும் சந்தேகம் கிடையாது.

அவர் வந்த வழியே வேறு மாதிரி. 1963 செப்டம்பரில் வெஸ்ட் இண்டீஸில் இருக்கிற டிரினிடாட்டில் பிரின்சஸ் டவுன் என்ற ஊரில் பிறந்தவர். கரும்புத் தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுபோனவர்களின் வாரிசுகள் லட்சக்கணக்கில் இருக்கிற தீவு அது. 1984-ல் சென்னைக்குப் படிக்க வந்தார், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம். அந்த வருஷத்தை யோசித்துப் பாருங்கள். லாயிட், ரிச்சர்ட்ஸ், மார்ஷல், ஹோல்டிங் என்று வெஸ்ட் இண்டீஸ் உலகத்தையே அடித்துக்கொண்டிருந்த காலம். அங்கே பிறந்த பையன் எதிர்த்திசையில் கிளம்பி, மெட்ராஸ் வெயிலில் வந்து லீக் மேட்ச் ஆடுகிறான், தமிழ்நாடு அணிக்குள் நுழைகிறான். எங்கள் ஊர்ப் பக்கம் இருந்த பையன்களுக்கு அப்போது சேப்பாக்கமே எட்டாத தூரம், நீலகிரி எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் காலையில் சேர்ந்துவிடலாம் என்றாலும் அங்கே போய் யாரைப் பார்ப்பது, எந்த கிளப்பில் சேர்வது என்று ஒருத்தருக்கும் தெரியாது. சேலம் சின்னப்பம்பட்டியிலிருந்து ஒரு நடராஜன் கிளம்பி இந்தியாவுக்கு ஆட 2020 ஆகிவிட்டது. ராபின் கடல் தாண்டி வந்து அந்தக் கதவைத் தட்டியிருக்கிறார் என்பது எனக்கு அப்போதும் இப்போதும் பெரிய விஷயம்.

1987-88-ல் வாசுதேவன் தலைமையில் தமிழ்நாடு, மாநில அணிகள் மோதுகிற ரஞ்சிக் கோப்பையை வென்றது, இறுதியில் ரயில்வேஸை வீழ்த்தி. அதற்கு முன் வென்றது 1954-55-ல், அப்புறம் இன்றுவரை அந்தக் கோப்பை நம் பக்கம் வரவில்லை. அந்த அணியில் ராபின் இருந்தார். 1989-ல் டிரினிடாட் பாஸ்போர்ட்டை விட்டுவிட்டு இந்தியக் குடியுரிமை வாங்கினார், உடனே வெஸ்ட் இண்டீஸ் போகிற இந்திய அணியில் எடுத்தார்கள். முதல் ஒருநாள் போட்டி மார்ச் 11, போர்ட் ஆப் ஸ்பெயினில். பிறந்த தீவிலேயே, பிறந்த நாட்டு அணிக்கு எதிராக, இந்தியாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்கினார். மைதானத்தில் இருந்த சொந்தக்காரர்கள் யாருக்குக் கை தட்டியிருப்பார்கள் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

அந்தத் தொடரில் இரண்டு போட்டி ஆடினார். அத்தோடு சரி. அடுத்து அவரைக் கூப்பிட்டது 1996 டைட்டன் கோப்பைக்கு.

இடையில் ஏழரை வருஷம். எனக்கு இன்னமும் ஆறாதது இதுதான். இருபத்தைந்து வயதில் வெளியே போனவர் முப்பத்துமூன்று வயதில் திரும்பி வருகிறார். ஒரு ஆல்ரவுண்டரின் உடம்பு இரண்டு வேலையையும் தாங்குகிற காலமே அந்த வருஷங்கள்தான். அவர் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை, உள்நாட்டில் அடித்துக்கொண்டேதான் இருந்தார். முதல்தரப் போட்டிகளில் அவருடைய மொத்தம் 7000-த்துக்கு மூன்று ரன் குறைவு, சராசரி 46, கூடவே 172 விக்கெட். 46 என்பது ஒரு முழுநேர பேட்ஸ்மேனுக்கே கௌரவமான சராசரி. அந்த இடைவெளியில் 1992 உலகக் கோப்பை போனது, 1996 உலகக் கோப்பையும் போனது. ஈடன் கார்டன்ஸ் அரையிறுதியில் 98-க்கு 1 விக்கெட் என்று இருந்த ஸ்கோர் 120-க்கு 8 விக்கெட் ஆனதைப் பார்த்தவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நடுவில் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க ஒரு ஆள் இல்லை. அந்த ஆள் அப்போது தமிழ்நாட்டுக்கு ரஞ்சி ஆடிக்கொண்டிருந்தார்.

சரி, திரும்பி வந்த பிறகு அவருக்குக் கொடுத்த வேலை என்ன? இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றைக்கு இருபது ஓவர் ஆட்டம் மட்டும் பார்க்கிற பையன்களுக்கு இது பிடிபடுவதில்லை. ஐம்பது ஓவரில் ஒருத்தர் பத்து ஓவருக்கு மேல் போட முடியாது. அன்றைய இந்திய அணியில் ஸ்ரீநாத், பிரசாத், கும்ப்ளே, இன்னொரு சுழல் பந்துவீச்சாளர் என்று வைத்தால் நாற்பது ஓவர் ஆகிவிடும். மீதிப் பத்து ஓவரைச் சச்சின், கங்குலி, ராபின் மாதிரி ஆட்கள்தான் பங்குபோட்டு ஒப்பேற்ற வேண்டும். எதிரணி அடித்து நொறுக்கக் காத்திருப்பது அந்தப் பத்து ஓவரைத்தான். பேட்டிங்கிலும் அதே நிலைமை, மேலே சச்சின் கங்குலி டிராவிட் அசார் என்று நட்சத்திரங்கள், கீழே ஸ்ரீநாத்தில் ஆரம்பித்து வரிசையாக வால். நடுவில் நிற்பவர் அவுட் ஆனால் ஆட்டமே முடிந்தது. எல்லாரும் நன்றாக ஆடிய நாளில் ராபினுக்கு வேலையே இருக்காது, இறங்கும்போது மூன்று ஓவர்தான் மிச்சம் இருக்கும். எல்லாரும் சொதப்பிய நாளில் ஜெயிக்கவைக்க வேண்டிய பாரம் முழுக்க அவர் தலையில். இந்த இடத்தில் ஆடுகிறவருக்குச் சராசரி எங்கிருந்து ஐம்பது வரும்?

திருப்பூரில் பவர்டேபிள் (பனியன் தையல்) நடத்துகிறவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். ஷிப்மென்ட் நாளைக்கு என்றால் ஒருத்தர் இன்றைக்கு ராத்திரி ஓவர்லாக் மெஷினில் உட்காருவார், வேறு ஆள் வரவில்லை என்றால் பேட்லாக் மெஷினுக்கு மாறுவார், அதுவும் முடிந்தால் செக்கிங் டேபிளுக்குப் போய்ப் பீஸ் பார்ப்பார், விடியற்காலையில் பெட்டி கட்டுவார். அப்படி ஒரு ஆள் எல்லாக் கம்பெனியிலும் இருப்பார். சனிக்கிழமை சம்பளக் கணக்குப் போடும்போது எந்த மெஷினிலும் அவர் பெயருக்குப் பெரிய பீஸ் கணக்கு இருக்காது. ஆனால் அவர் லீவு போட்டால் முதலாளிக்குக் கை ஒடிந்த மாதிரி இருக்கும்.

ராபின் செய்ததில் உச்சம் என்று நான் சொல்வது டாக்கா இறுதிப் போட்டி. 1998 ஜனவரி 18, ஞாயிற்றுக்கிழமை. பொங்கல் முடிந்து, பூப்பறிக்கிற நோன்பும் முடிந்து, ஒறம்பரைகள் (விருந்துக்கு வந்த சொந்தக்காரர்கள்) இன்னும் ஊருக்குக் கிளம்பாத நாள். கோபி பக்கத்தில் எங்கள் அப்புச்சி (அம்மாவின் அப்பா) வீட்டில் ஒரு சின்ன போர்ட்டபிள் டிவி, அதைத் திண்ணை தெரிகிற மாதிரி ஜன்னலில் திருப்பி வைத்து, கூடத்தில் பாதிப்பேர் திண்ணையில் பாதிப்பேர். பாகிஸ்தானோடு மூன்று போட்டி கொண்ட இறுதிச் சுற்றில் ஆளுக்கு ஒன்று ஜெயித்து, அது மூன்றாவது. 48 ஓவராகக் குறைத்த ஆட்டத்தில் சயீத் அன்வர் 140, இஜாஸ் அகமது 117, மொத்தம் 314. அந்தக் காலத்தில் 250 அடித்தாலே தோற்கமாட்டார்கள் என்று எழுந்துபோவார்கள். 315-ஐ அதுவரை உலகத்தில் யாரும் விரட்டிப் பிடித்ததில்லை. இன்னிங்ஸ் இடைவேளையில் திண்ணை காலி.

சச்சின் 26 பந்தில் 41 அடித்துவிட்டுப் போனார், ஸ்கோர் 71. அடுத்து சித்துவோ அசாரோ வருவார்கள் என்று பார்த்தால் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ராபின் வருகிறார். மூன்றாவது இடத்தில்! எங்கள் வீட்டிலேயே சத்தம் போட்டார்கள், எதற்கு இந்த ஆளை இப்போது அனுப்புகிறான் என்று. கங்குலியும் இடது கை, இவரும் இடது கை, அந்தப் பக்கம் சக்லைன் முஷ்டாக்கின் ஆப் ஸ்பின். அவருடைய சுழலில் உலகமே தடுமாறிய வருஷம் அது, ஆனால் பந்து உள்ளே திரும்பி வருகிற வலது கை ஆட்டக்காரர்களுக்குப் பதிலாக, தேவைப்படும்போது லெக் சைடில் தூக்கவும் ஒன்று இரண்டாக ஓடவும் தெரிந்த இரண்டு பேர் எதிரே நின்றால் என்ன ஆகும் என்பதுதான் அன்றைக்கு நடந்தது. என் பார்வையில் கேப்டன் அசார் எடுத்த முடிவுகளிலேயே சிறந்தது இதுதான்.

இரண்டு பேரும் சேர்த்தது 179. கங்குலி ஆடியதை எல்லாரும் பேசினார்கள், பேச வேண்டியதுதான், 124 அடித்தார், ஆட்ட நாயகன் அவர்தான். ராபின் 83 பந்தில் 82. ஏறக்குறைய ஒரு பந்துக்கு ஒரு ரன், அதுவும் 1998-ல், மங்குகிற வெளிச்சத்தில், நிரம்பி வழிந்த மைதானத்தில். நான் பார்த்துக்கொண்டிருந்தது அவர் ஓட்டத்தைத்தான். பந்தைத் தட்டிய உடனே தலை குனிந்து பாதி பிட்ச் போய்விடுவார், திரும்பும்போது மட்டையைத் தரையில் தேய்த்த கையோடு இரண்டாவதுக்குக் கூப்பிடுவார், கங்குலி வேகமாக ஓடுகிற ஆள் கிடையாது, அவரையும் இழுத்துக்கொண்டு ஓட வேண்டும். முப்பத்துநான்கு வயது. ஊரில் முப்பத்துநான்கு வயதில் பெரும்பாலானவர்கள் பேட்டைக் கொடுத்துவிட்டு அம்பயராகிவிடுவார்கள். எங்கள் அப்புச்சிக்கு கிரிக்கெட் விதியெல்லாம் அவ்வளவு தெரியாது, தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போக வேண்டியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றபடியே பார்த்தார், கரண்ட் போனால் பாட்டரிக்கு ஏற்பாடு செய்யச் சொன்னார். யாரோ சேனல் மாற்றப் போனபோது "அந்த ஆளு ஓடற வரைக்கும் டிவிய அமத்தப்புடாது கண்ணு" என்றார்.

ராபின் அவுட் ஆனபோது 250. அங்கிருந்து 65 ரன்னுக்குள் தடுமாறி, கடைசி இரண்டு பந்தில் மூன்று ரன் என்ற இடத்தில் கனிட்கர் சக்லைனை நாலு அடித்தார். அந்த நாலைத்தான் இன்றைக்கும் காட்டுகிறார்கள். கனிட்கரைக் குறைத்துச் சொல்லவில்லை, இருட்டில் அந்தப் பந்தை அடிப்பதற்குத் தனி நெஞ்சு வேண்டும். ஆனால் 71-லிருந்து 250 வரைக்கும் ஒரு முனையை விட்டுக்கொடுக்காமல் கொண்டுவந்தவரின் பெயர் ஆல்ரவுண்டர் பட்டியலில் வராதது எப்படி என்று எனக்குப் புரியவில்லை.

பந்துவீச்சுக்கு வருகிறேன். வேகம் கிடையாது, பெரிய ஸ்விங் கிடையாது, மிதவேகத்தில் ஸ்டம்பை ஒட்டியே வந்து விழும், கை நீட்டி அடிக்க இடமே தராது. இரண்டு முறை ஐந்து விக்கெட் எடுத்திருக்கிறார்: 1997 டிசம்பரில் குவஹாத்தியில் 22 ரன்னுக்கு 5, 1999 உலகக் கோப்பையில் டான்டனில் 31 ரன்னுக்கு 5. இரண்டும் இலங்கைக்கு எதிராக. அவருடைய ஒரே சதமும் 1997-ல் கொழும்பில் இலங்கைக்கு எதிராகத்தான். அன்றைய இலங்கை யார் என்று நினைவிருக்கிறதல்லவா, 1996-ல் உலகக் கோப்பையைத் தூக்கிய அணி, ஜெயசூர்யா, டி சில்வா, ரணதுங்க என்று வரிசையாக நிற்பார்கள், இந்தியப் பந்துவீச்சை அவர்கள் அடித்த அடி கொஞ்சநஞ்சம் இல்லை. அந்த அணியிடம்தான் இவர் கணக்குத் தீர்த்தார். டான்டன் என்றால் கங்குலி 183, டிராவிட் 145, அவ்வளவுதான் எல்லாருக்கும் ஞாபகம். ஐந்து விக்கெட் எடுத்தது யார் என்று குழுவில் கேட்டுப் பார்த்தேன், பதில் வரவில்லை.

அதே உலகக் கோப்பையில் லெஸ்டரில் நடந்ததையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஜிம்பாப்வேக்கு எதிராக இரண்டு ஓவரில் ஒன்பது ரன் வேண்டும், ராபின் நிற்கிறார், கையில் மூன்று விக்கெட். ஒலோங்கா ஒரே ஓவரில் ராபின், ஸ்ரீநாத், பிரசாத் மூன்று பேரையும் எடுத்துவிட்டார், மூன்று ரன்னில் தோற்றோம். அப்பா இறந்து சச்சின் ஊருக்குப் போயிருந்த ஆட்டம் அது. அன்றைக்கு ராபினைத் திட்டாத டீக்கடை இருந்திருக்காது. 35 அடித்துத் தோல்வியின் விளிம்பிலிருந்து அங்கே கொண்டுவந்து நிறுத்தியதே அவர்தான் என்பதை ஒருத்தரும் சொல்லவில்லை. முடித்து வைக்கிற இடத்தில் நிற்கிறவருக்குத் தோல்வியும் தன் பெயரில்தான் எழுதப்படும். அந்த இடத்தை அவர் கேட்டு வாங்கவில்லை, கொடுத்த இடத்தில் நின்றார்.

பீல்டிங்கைப் பற்றி எல்லாரும் ஒத்துக்கொள்கிறார்கள், அதனால் நான் புதிதாக வாதாட ஒன்றும் இல்லை, ஆனால் அது எங்கள் ஊரில் என்ன செய்தது என்று சொல்ல வேண்டும். நாங்கள் விளையாடியது சோளம் அறுத்த காட்டில். தட்டு அறுத்த பிறகு கட்டைகள் கூராக நிற்கும், அதைக் கொத்தி எடுத்துவிட்டுப் பிட்ச் போடுவோம், மற்ற இடமெல்லாம் சரளை மண். அதில் யாரும் விழுந்து பந்து பிடிக்க மாட்டார்கள், காலை நீட்டித் தடுப்பார்கள், தாண்டினால் திட்டு வாங்கிக்கொண்டு எடுக்கப் போவார்கள். ராபினையும் அஜய் ஜடேஜாவையும் டிவியில் பார்த்த பிறகு அது மாறியது. பாயிண்டில் நிற்கிற பையன் ஒருநாள் முழு நீளத்துக்குப் பாய்ந்தான், பந்து கையில் இருந்தது, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் தோல் உரிந்து மண் ஒட்டிக்கொண்டது. வரப்பில் இருந்த வெட்டுக்காயத் தழையைக் கசக்கிச் சாறு பிழிந்துவிட்டு அவன் மறுபடியும் அதே இடத்தில் போய் நின்றான். அதற்கப்புறம் எங்கள் டீமில் விழுந்து தடுக்காதவனுக்கு மேல் வரிசையில் பேட்டிங் கிடையாது என்று கேப்டன் சொல்லிவிட்டான். பக்கத்து ஊர் டீம்களிலும் அதே கதை. ஒரு ஓவருக்கு ஒரு ரன் தடுத்தால் ஐம்பது ஓவரில் எவ்வளவு என்று நாங்கள் கணக்குப் போட ஆரம்பித்தது அவரைப் பார்த்துத்தான். இடது கையில் பேட்டிங், வலது கையில் எறிதல், ஓடிவந்து குனிந்து எடுத்து அதே வேகத்தில் ஸ்டம்பில் எறிவார், நிமிரவே மாட்டார்.

டெஸ்ட் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 1998 அக்டோபரில் ஹராரேயில் ஒன்று கொடுத்தார்கள், 27 ரன் எடுத்தார், இந்தியா தோற்றது, அவரை மறுபடி கூப்பிடவில்லை. கடைசி ஒருநாள் போட்டி 2001-ல். அப்போது அவருக்கு வயது முப்பத்தேழு.

அப்புறம் பயிற்சியாளர். 2007 உலகக் கோப்பையில் முதல் சுற்றிலேயே இந்தியா வெளியேறிய பிறகு அவரைப் பீல்டிங் பயிற்சியாளராகப் போட்டார்கள். அதே வருஷம் செப்டம்பரில் தென்னாப்பிரிக்காவில் முதல் இருபது ஓவர் உலகக் கோப்பையை வென்ற அணிக்குப் பீல்டிங் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். பிறகு மும்பை இந்தியன்ஸில் பேட்டிங் பயிற்சியாளராகப் பல வருஷம் இருந்தார், அவர்கள் ஐந்து கோப்பை வாங்கிய காலம் அது. ஐக்கிய அரபு அமீரக அணியையும் பார்த்துக்கொண்டார்.

இதையெல்லாம் இப்போது எழுத இன்னொரு காரணமும் உண்டு. என் அக்கா மகன் கோயம்புத்தூரில் ஒரு கேம்ப்புக்குப் போகிறான். ஆறாவதாக இறங்குவான், மிதவேகம் போடுவான். கோவை கிங்ஸும் திருப்பூர் தமிழன்ஸும் டிஎன்பிஎல் (தமிழ்நாடு பிரீமியர் லீக்) கோப்பையைத் தூக்கியதைப் பார்த்து வளர்ந்த பையன், எங்கள் காலம் மாதிரி இல்லை, கதவு பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் அங்கே அவனிடம் பேட்டிங்கா பவுலிங்கா ஏதாவது ஒன்றை முடிவு பண்ணு என்கிறார்களாம். காரணம் தெரிந்ததுதான். 2023-லிருந்து ஐபிஎல்லில் இம்பாக்ட் பிளேயர் விதி இருக்கிறது, பேட்டிங் முடிந்ததும் ஒரு பேட்ஸ்மேனை எடுத்துவிட்டு முழுநேரப் பந்துவீச்சாளரை இறக்கிக்கொள்ளலாம். இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் செய்கிற ஆளுக்கு ஓவர் கொடுக்க வேண்டிய கட்டாயமே இல்லை. ரோகித் சர்மாவே 2024-ல் இந்த விதி ஆல்ரவுண்டர்களை வளரவிடாது, சிவம் துபேக்கும் வாஷிங்டன் சுந்தருக்கும் பந்து போட வாய்ப்பே கிடைப்பதில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். ஐம்பது ஓவர் ஆட்டத்திலும் டெஸ்டிலும் இந்த விதி கிடையாது. அங்கே ஐந்தாவது பந்துவீச்சாளரின் பத்து ஓவரை யாராவது போட்டே ஆக வேண்டும், ஆறாவதாக யாராவது இறங்கியே ஆக வேண்டும். அந்த விதியை எடுத்துவிட வேண்டும் என்பதுதான் என் கட்சி, அதுவரைக்கும் அக்கா மகனை இரண்டையும் விடாதே என்றுதான் சொல்லிவைத்திருக்கிறேன். டாக்கா ஆட்டத்தின் பதிவு கிடைத்தால் அவனோடு உட்கார்ந்து ஒன்பதாவது ஓவரிலிருந்து பார்க்கலாம் என்று இருக்கிறேன், யாரிடமாவது முழுசாக இருந்தால் சொல்லுங்கள்.